பிள்ளைமடுவத்தில் பன்னிரண்டு நாள்

சகாயம் வீரையாவின் முன்பல்லை உடைத்தது ஒரு யானைக்குட்டியால்தான். காட்டு யானைக்குட்டி அல்ல. கம்ப்யூட்டர் திரைக்குள் மஞ்சள் குல்லா போட்டுக்கொண்டு, முதுகில் கொழுந்து மூட்டையோடு நின்ற பொம்மை யானைக்குட்டி. ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஏழாங்கல் எஸ்டேட்டின் பிள்ளைமடுவத்தில் நடந்தது அது.

கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் கட்டடத்துக்கு அந்த எஸ்டேட்டில் பிள்ளைமடுவம் என்று பெயர். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் கொண்டுவந்த வார்த்தை. சகாயத்தின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். இப்போது எஸ்டேட்டில் பிள்ளைகளே குறைந்துபோய், ஆயாவின் பொறுப்பில் இரண்டோ மூன்றோ மட்டும் பின்னறையில் தூங்கும். முன்னறை சும்மாதான் கிடந்தது. தொட்டில் கட்டும் கொக்கிகள் விட்டத்தில் வரிசையாகத் தொங்க, அதற்குக் கீழே முழங்கால் உயரத்துக்குப் போட்ட குட்டிப் பெஞ்சுகளில் நாலு தடித்த ஆம்பளைகள் பன்னிரண்டு நாளும் குனிந்து உட்கார்ந்து படித்தார்கள்.

விஷயம் இதுதான். பாக்டரிக்குப் புது ட்ரையர் வந்திறங்கியிருந்தது. அரைத்துப் புளித்த தேயிலையைச் சூட்டுக் காற்றில் காயவைக்கிற மிஷின் அது. பழைய ட்ரையருக்கு நாலு ஆட்கள்: சகாயம், வீரையா, மருதாசலம், லூயிஸ். அடுப்புக்கு விறகு போடுவது, சூட்டைப் பார்ப்பது, தூளைச் சிட்டிகை அள்ளி விரலில் நசுக்கி முகர்வது எல்லாம் ஷிப்டு மாற்றி ஷிப்டு இந்த நாலு பேர் பாடு. புதியதற்கு விறகே வேண்டாம். சுவரில் ஒரு பேனல். எத்தனை டிகிரி வந்தால் எது திறக்க வேண்டும், எத்தனை நிமிஷம் கழித்து எது மூட வேண்டும் என்று அதில் வண்ணவண்ணமாகக் கட்டங்களை அடுக்கிவிட்டால் மிச்சத்தை மிஷினே பார்த்துக்கொள்ளும். அடுக்கத் தெரிந்த ஆள் இரண்டு பேர் போதும்.

பாக்டரிக்குப் பெரியவரான டீமேக்கர் குமாரசாமி நாலு பேரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்.

"பன்னெண்டு நாள் ட்ரெய்னிங். கோயமுத்தூர்லிருந்து ஒரு தம்பி வர்றாப்ல. கடைசி நாள் டெஸ்ட்டு. யாரு அந்த ரெண்டு பேருன்னு நான் சொல்லப்போறதில்ல, கம்ப்யூட்டரே சொல்லிப்போடும். தேறாத ரெண்டு பேரு காட்டுக்கு, மருந்தடிக்க. அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தக் கூடாது, ஆமா."

மருந்தடிக்கிற வேலை சகாயத்துக்குத் தெரியாததல்ல. கல்யாணத்துக்கு முந்தி ஐந்து வருஷம் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கியவன். எதைத் தின்றாலும் நாக்கில் மருந்துக் கசப்பு நிற்கும். முகத்தில் தோல் உரியும். அதிலிருந்து தப்பித்துப் பாக்டரிக்குள் வந்து பத்தொன்பது வருஷமாகிவிட்டது. இப்போது நாற்பத்து மூன்று வயதில், வளர்ந்த பெண்ணை வைத்துக்கொண்டு, மறுபடியும் அந்த டேங்க்கா என்று நினைக்கும்போதே அவனுக்கு முதுகு கூசியது.

வந்த தம்பியின் பெயர் அஸ்வந்த். இருபத்து நாலு வயது, குளிர் தாங்காமல் காதுவரை கம்பளிக் குல்லா. அவன் போட்டுக் காட்டியது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகச் செய்த சாப்ட்வேர். 'முன்னே போ', 'வலப்பக்கம் திரும்பு', 'மூன்று முறை செய்', 'பள்ளம் இருந்தால் தாண்டு' என்று எழுதிய கட்டங்கள் ஓரத்தில் இருக்கும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக இழுத்து அடுக்கிவிட்டுப் பச்சைப் பொத்தானைத் தொட்டால் யானைக்குட்டி நடக்கும். மூட்டையைப் பாக்டரி கேட்டில் சேர்த்துவிட்டால் மணி அடிக்கும். அடுக்கு தப்பினால் பள்ளத்தில் விழுந்து நாலு காலையும் தூக்கிக்கொண்டு கிடக்கும். முதல் நாள் அவரவர் பெயரை அதில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே விழும்போதெல்லாம் ஒரு சின்னப் பெண்ணின் குரல் பெயர் சொல்லித் தேற்றும். "பரவாயில்லை சகாயம், மறுபடியும் முயற்சி செய்!"

"நேரா பேனல்லயே காமிக்க வேண்டியதுதான தம்பி? இது என்ன சின்னப்புள்ள வெளயாட்டு?" என்று லூயிஸ் கேட்டான்.

"எடுத்ததும் பேனல்ல கை வெச்சா ஒரு லோடு தூளு கருகிப் போயிருமுங்ணா. இந்த யானை எத்தன வாட்டி விழுந்தாலும் நட்டமில்லீங். ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா யோசிச்சுப் பழகறதுக்குத்தான் இது. பேனல்லயும் இதே மாதிரிதான் கட்டம் அடுக்கோணும்."

சகாயம் அஞ்சாவதோடு படிப்பை விட்டவன். எழுத்துக்கூட்டி வாசிப்பான். அடுப்புச் சூட்டில் தடித்துப்போன விரல், கட்டத்தை இழுத்துப் பாதி வழி போகும்போதே வழுக்கிவிடும். வீரையா அவனைவிட எட்டு வயது இளையவன். எந்நேரமும் போனை நோண்டுகிற ஆள். ஏழாவது நாள் வீரையா யானை விளையாட்டில் ஒன்பதாவது கணக்குக்குப் போய்விட்டான், மருதாசலம் எட்டாவது, லூயிஸ் ஆறாவது. சகாயத்தின் யானை நாலாவதிலேயே விழுந்து விழுந்து எழுந்தது.

"தம்பி, இதுல என்னமோ கோளாறு இருக்கு. நான் சரியாத்தான் போட்டேன்" என்றான் சகாயம்.

"மிஷின்ல கோளாறு இல்லீங்ணா. அதுக்குன்னு சொந்தப் புத்தி கெடயாது. நீங்க சொன்னதச் சொன்னபடி செய்யும், அவ்வளவுதான். மேல இருந்து ஒவ்வொண்ணாப் படிச்சுப் பாருங். எங்கியோ நீங்க சொன்னதுதான் மாறியிருக்கும்."

"அப்ப எம்மேல தப்புங்கிற."

"தப்புன்னு இல்லீங்ணா..."

"எட்டு வயசுப் புள்ளைக கூட இதப் போடுதுன்னு நேத்து வீரையாகிட்ட சொன்னியாமே?"

அஸ்வந்தின் முகம் சுருங்கியது. "பொதுவாச் சொன்னேனுங்ணா. உங்களச் சொல்லுலீங்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தான்.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. அன்று ஒரே இடத்தில் பதினோரு முறை விழுந்தது யானை. பதினோரு முறையும் அந்தக் குரல் பரவாயில்லை சகாயம் என்றது. பன்னிரண்டாவது முறை, அது வாயைத் திறக்குமுன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீரையா அதே சின்னப் பெண் குரலில் இழுத்தான்.

"பரவாயில்ல சகாயம்... மறுபடி முயற்சி செய்ம்மா கண்ணு!"

மருதாசலமும் லூயிஸும் சிரித்தார்கள். தொடையில் தட்டிச் சிரித்தார்கள். சகாயம் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே வீரையாவின் பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்து முகத்தைப் பெஞ்சு விளிம்பில் மோதினான். முதல் மோதலில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் பல். மூன்றாவதற்கு மருதாசலமும் லூயிஸும் வந்து கையைப் பிரித்துவிட்டார்கள். கம்ப்யூட்டரின் எழுத்துப் பொத்தான்கள்மேல் ரத்தம் சொட்டியது. பின்னறையில் தூங்கிய பிள்ளைகள் வீறிட்டன. தொட்டில் கொக்கிகளுக்குக் கீழே சுவரோடு ஒட்டி நின்ற அஸ்வந்த், "அண்ணா, விட்ருங்ணா, விட்ருங்ணா" என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

குமாரசாமி வந்து பார்த்தார். கீழே கிடந்த பல்லைப் பார்த்தார், வெளியே மழையைப் பார்த்தார். சீசன் கொழுந்து மலையாகக் குவிந்துகிடக்கிற நேரம். பழைய ட்ரையர் ஓடினால்தான் ஆச்சு.

"ஒரு பல்லுக்காக ரெண்டு பேத்தையும் வெளிய முடுக்குனா நாளைக்கு அடுப்பை யாரு பாக்கறது? கை குடுத்துக்கங்க ரெண்டு பேரும். இன்னொருக்கா இப்பிடின்னா ஊட்டைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதான்."

வீரையா கை கொடுத்தான். எச்சிலும் ரத்தமுமாக ஈரக் கை. கையைக் கொடுத்தானே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் லயத்தில், எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், சகாயத்துக்கு மனைவி எல்சா சோற்றைப் போட்டு, உருளைக்கிழங்கும் அவரையும் போட்ட குழம்பை ஊற்றினாள். செய்தி அவளுக்கு முன்னமே வந்துவிட்டது. நிறுவை முடிந்து கொழுந்துப் பை கழற்றுகிற இடத்தில் பேசாத பேச்சு உண்டா?

"பல்லையா ஒடச்சீங்க?" என்றாள் மெதுவாக.

தட்டு சுவருக்குப் போனது. அதே வேகத்தில் அவள் கன்னத்தில் ஓர் அறை. அடித்த பிறகு இருவருமே திகைத்து நின்றார்கள்.

சகாயம் குடித்த காலத்தில் எல்சாவை அடித்திருக்கிறான். இரண்டு தடவை அவள் ஆஸ்பத்திரிக்குப் போய், தேயிலைப் பாத்தியில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொல்லித் தையல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் மாதா கோயிலில் முழங்காலில் நின்று குடியை விட்டான். அதோடு அடியும் நின்றது. குடிதான் அடித்தது, ஆள் தங்கம் என்று லயம் முழுக்கச் சொன்னார்கள். சகாயமும் அப்படித்தான் நம்பியிருந்தான்.

எல்சா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்து அவன் முகத்தருகே வந்தாள். வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். சாராய வாடை இல்லை. அப்போதுதான் அவள் கண்ணில் பயம் வந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வெளியே போய், மழை ஒழுகுகிற இறவாரத்தில் நின்றுகொண்டான்.

மறுநாள் எல்சாதான் வழி சொன்னாள். அவள் ஊட்டி காந்தலில் பிறந்து வளர்ந்தவள், எட்டாவது வரை படித்தவள்.

"ஏங்க, அந்த யானை வெளயாட்டு நம்ம ஃபெபி போன்லயே இருக்குதாம். இஸ்கூல்ல போட்டுக் குடுத்தாங்களாம். அவ சொல்லித்தரட்டும். பெத்த புள்ளகிட்ட கத்துக்கறதுல என்ன கௌரவம் போகுது?"

ஃபெபி பத்தாவது படிக்கிறவள். அடுத்து வந்த இரண்டு சாயங்காலமும் அவள் அப்பாவுக்கு வாத்தியார். அடுப்புக்கு இந்தப் பக்கம் அப்பாவும் மகளும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார, அந்தப் பக்கம் எல்சா ரொட்டிக்கு மாவு தேய்த்தபடி காது கொடுத்திருப்பாள்.

"போனை அப்பறம் பாக்கலாம்ப்பா. நீங்க டீ போடறது எப்படின்னு எனக்கு ஒவ்வொண்ணா சொல்லுங்க. நீங்க சொல்றத மட்டுந்தான் நான் செய்வேன்" என்றாள் ஃபெபி.

"சட்டிய அடுப்புல வை."

வைத்தாள்.

"தூளப் போடு."

வெறும் சட்டியில் தூளைப் போட்டாள்.

"ஏய், தண்ணி ஊத்தாம போடற?"

"நீங்க ஊத்தச் சொல்லலையே!"

அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். எல்சாவும் சிரித்தாள். தூள் கருகி வீடெல்லாம் பாக்டரி வாசம் அடித்தது. அப்புறம் தண்ணீர், தூள், பால், சீனி என்று அவனே விரல் விட்டு எண்ணி வரிசை சொன்னான். அந்த வரிசை பிடிபட்டதும் யானையும் பிடிபட்டது. இரண்டு நாளில் நாலாவது கணக்கிலிருந்து ஒன்பதாவதுக்கு வந்துவிட்டான். 'மூன்று முறை செய்' என்ற கட்டத்துக்குள் மற்ற கட்டங்களைச் சொருகுவது அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரே பாதையை மூன்று தடவை எழுத வேண்டியதில்லை என்று மருதாம்பாளிடம் போய்ச் சொன்னான். அடுத்த வீட்டுக்காரியான அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லதுங்க" என்று மட்டும் சொன்னாள். பிள்ளைமடுவத்தில் அஸ்வந்த், "கலக்கறீங்ணா" என்று கைதட்டினான்.

வீரையா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். உதட்டுத் தையலோடு.

பதினோராவது நாள் சாயங்காலம், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே லயத்துக்குப் பிரிகிற ஒற்றையடிப் பாதை. மஞ்சு இறங்கி நாலடி தூரம்கூடத் தெரியவில்லை. பின்னாலிருந்து கணுக்கால் பருமனில் ஒரு தேயிலை வேர்க்கட்டை வந்து சகாயத்தின் பிடரியில் விழுந்தது. குப்புற விழுந்தவனின் முழங்காலில் இன்னொன்று. திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் வலது கையைச் சேற்றில் அழுத்திப் பூட்ஸ் கால் ஏறி நின்றது.

"பல்லுக்குப் பல்லு இல்லடா. நாளைக்கு டெஸ்ட்டுக்கு இந்தக் கை எதுக்கு உனக்கு?" வீரையா குதிகாலைத் திருகினான். விரல் எலும்பு நொறுங்கிய சத்தம் சகாயத்துக்கே கேட்டது. "உம் பொண்ணுகிட்டப் படிச்சியாமே. எங்க, அவளக் கூப்பிடு. பரவாயில்லப்பான்னு சொல்லட்டும்."

அவன் போன பிறகும் சகாயத்தால் எழ முடியவில்லை. கொழுந்துப் பையை நெற்றியில் மாட்டிக்கொண்டு வந்த பெண்கள் நாலைந்து பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். மருதாம்பாள்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். "ஏனுங்க, எந்திரிங்க. மெதுவா... ஐயோ, கையப் பாரு கையை." எத்தனை பேரை அவன் அடித்திருக்கிறான். அடிவாங்கிப் பொம்பளைகள் கண்முன் சேற்றில் கிடந்தது இதுதான் முதல் தடவை. வலியைவிட அதுதான் அவனை எரித்தது.

வீட்டில் எல்சா வெந்நீர் வைத்துச் சேற்றைக் கழுவினாள். மஞ்சள் அப்பினாள். வலது கையின் மூன்று விரல்கள் வாழைப்பூ மடல் நிறத்தில் வீங்கியிருந்தன. வாயைப் பொத்திக்கொண்டு விம்மலை அடக்கியபடியே துணி சுற்றினாள்.

"டெஸ்ட்டு போனாப் போகுது. மருந்தடிச்சுப் பொழைக்கறவங்க பொழைக்கல? உசுரோட வந்தீங்களே, அது போதும்" என்றாள்.

"போன எடு ஃபெபி" என்றான் சகாயம்.

"வேண்டாம்ப்பா, கை..."

"எடுங்கறேன்."

மணி ஏழு. எல்சா அடுப்பருகே போய் ரொட்டி தேய்க்க உட்கார்ந்தாள். ஃபெபி போனைப் பிடித்துக்கொள்ள, அவன் வீங்கிய விரலால் கட்டத்தை இழுத்தான். அது எங்கோ போய் ஒட்டியது. யானை விழுந்தது. போனில் ஃபெபி அவனுக்குக் கொடுத்திருந்த பெயர் 'அப்பா'.

"பரவாயில்லை அப்பா, மறுபடியும் முயற்சி செய்!"

மறுபடியும் இழுத்தான். மறுபடியும் விழுந்தது. பரவாயில்லை அப்பா. மூன்றாவது முறை. நாலாவது முறை. ஐந்தாவது முறை அந்தக் குரல் வந்தபோது எல்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் முழுக்க நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்த அழுகை எப்படியோ வழி மாறிச் சிரிப்பாக வெளியே வந்தது. வாயை முந்தானையால் மூடினாள். அப்படியும் கேட்டுவிட்டது.

சகாயம் எழுந்தான். முழங்கால் வலி தெரியவில்லை. அவள் கையிலிருந்த ரொட்டிக் கட்டையைப் பிடுங்கினான். ஒரு கட்டத்தைக்கூட இழுக்க முடியாத அந்த வலது கை, கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. முதல் அடிக்கு அவள் கையைக் குறுக்கே நீட்டினாள். மணிக்கட்டு மடங்கிய விதத்திலேயே அது முறிந்துவிட்டது தெரிந்தது. இரண்டாவது அடி தாடையில். மாவுப் பாத்திரத்தின்மேல் சாய்ந்தாள். முகத்தில் மாவும் ரத்தமும் ஒட்டிக்கொள்ள, அவள் "இல்லைங்க... இல்லைங்க..." என்றாள். எதை இல்லை என்கிறாள் என்று அவன் நின்று கேட்கவில்லை. ஃபெபி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளை முழங்கையால் தள்ளினான், விறகுக் குவியலில் போய் விழுந்தாள். தோளில் ஒன்று, முதுகில் இரண்டு. அதற்குள் எல்சா சத்தம் போடுவதை நிறுத்தியிருந்தாள். கடைசி அடி அவள்மேல் விழாமல் அம்மிமேல் விழுந்து கட்டை இரண்டாகப் பிளந்தது. அப்புறந்தான் அவன் கை நின்றது.

மருதாம்பாள் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. "ஜீப்புக்குச் சொல்லுடி ஃபெபி, ஓடு" என்றாள். எஸ்டேட் ஜீப்பில் கம்பளி சுற்றி எல்சாவைக் குன்னூருக்குக் கொண்டுபோனார்கள். லயத்து ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. குடித்திருக்கிறானா என்றுகூடக் கேட்கவில்லை.

காலையில் சகாயம் குளித்தான். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டான். இடது கையால் பொத்தான் போட வெகுநேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போவதா டெஸ்ட்டுக்குப் போவதா என்று பாதை பிரிகிற இடத்தில் நின்று யோசித்தான். டெஸ்ட்டை விட்டால் பட்டதெல்லாம் வீணாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. பட்டது யார் என்று அவன் யோசிக்கவில்லை. பிள்ளைமடுவத்துக்கு நடந்தான்.

அஸ்வந்த் அவன் கையைப் பார்த்துவிட்டுக் குமாரசாமியிடம் போய் ஏதோ பேசினான். திரும்பி வந்து பெஞ்சில் அவனருகே உட்கார்ந்தான்.

"நீங்க வாயில சொல்லுங்ணா. நான் கட்டத்த நகத்தறேன். சொல்றத மட்டுந்தான் செய்வேன். சரிங்ளா?"

ஒரு மணி நேரம். கடைசிக் கணக்கில் யானை மூன்று பாத்தி சுற்றி, பள்ளம் வந்தால் தாண்டி, கேட்டுக்கு வந்து சேர வேண்டும். சகாயம் ஒவ்வொன்றாகச் சொன்னான். அஸ்வந்த் அடுக்கினான். பச்சைப் பொத்தானைத் தொட்டதும் யானை இரண்டாவது பாத்தியிலேயே விழுந்தது. பரவாயில்லை சகாயம் என்றது குரல். அடுத்த பெஞ்சில் வீரையா நிமிர்ந்து பார்த்தான்.

சகாயம் கோபப்படவில்லை. மேலே முதல் கட்டத்திலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தான். ஒவ்வொரு வரியையும் தான்தானே சொன்னோம் என்று ஒத்துக்கொண்டே வந்தான். ஏழாவது வரியில் நின்றான்.

"இது என் தப்பு. பள்ளம் இருக்கான்னு பாக்கறதுக்கு முன்னால நடக்கச் சொல்லிட்டேன். அதக் கீழ எறக்கு தம்பி."

இறக்கினான். யானை நடந்தது. மூன்று பாத்தி சுற்றியது, தாண்டியது, கேட்டில் போய் நின்றது. மணி அடித்தது. "சபாஷ் சகாயம்!" என்றது அந்தப் பெண் குரல்.

வீரையா முதல், சகாயம் இரண்டாவது என்று குமாரசாமி வாசித்தார். இனி அந்த இரண்டு பேரும் ஒரே பேனலுக்கு முன்னால். லூயிஸ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனான். மருதாசலம் பெஞ்சைவிட்டு எழவே இல்லை.

அஸ்வந்த் கை கொடுக்கவில்லை. ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான். "ஊட்ல அக்காவுக்கு எப்படீங் இருக்கு?"

"பரவால்ல" என்றான் சகாயம்.

கடையில் ஃபெபிக்குப் பிடிக்குமே என்று ஒரு பாக்கெட் வர்க்கி பிஸ்கட் வாங்கினான். தூறலில் நொண்டிக்கொண்டே லயத்துக்கு ஏறினான். சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தான். முதலில் பாஸ் என்று சொல்ல வேண்டும். அப்புறம் மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இனி தான் மருந்தடிக்கப் போக வேண்டியதில்லை என்று எல்சாவிடம் சொல்ல வேண்டும். அவள் சந்தோஷப்படுவாள். மற்றதெல்லாம் மெல்ல மெல்லச் சரியாகும்.

வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

உள்ளே மகளிர் போலீஸ் அம்மா ஒருத்தி மாவு டின்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். சட்டையில் ஸ்ரீமதி என்று பெயர். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். ஃபெபி நெற்றியில் பிளாஸ்திரியோடு சுவரோரம் நின்றாள். காலடியில் துணிப்பை கட்டி வைத்திருந்தது.

"நான் பாஸாயிட்டேன்" என்றான் சகாயம். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல், ஸ்ரீமதியைப் பார்த்தே சொன்னான்.

"என்ன பாஸு?"

"ட்ரையர் பேனல். கம்ப்யூட்டர் டெஸ்ட்டு."

ஸ்ரீமதி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஃபெபி பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. மொதல் அடி கையில. அப்புறம்?"

"ரெண்டாவது தாடையில. அம்மா மாவு மேல விழுந்துட்டாங்க. நான் சட்டையப் புடிச்சு இழுத்தேன். என்னத் தள்ளிட்டாரு. அப்புறம் தோள்ல ஒண்ணு. முதுகுல ரெண்டு." ஃபெபியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அப்புறம் அம்மா சத்தம் போடல. அதுக்கப்புறமும் ஓங்கினாரு. அது அம்மில பட்டு கட்டை ஒடஞ்சிருச்சு. படாம இருந்திருந்தா நிறுத்தியிருக்க மாட்டாரு."

"அவ சிரிச்சா" என்றான் சகாயம்.

"என்னது?"

"என்னப் பாத்து சிரிச்சா, மேடம். கை ஒடஞ்சு உக்காந்திருக்கேன், சிரிச்சா."

"அதையும் எழுதிக்கறேன்" என்றாள் ஸ்ரீமதி. எழுதினாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். கோணல்மாணலாக, இடது கையால் எழுதிய நாலு வரி. கீழே எல்சா என்று கையெழுத்து. "போன ரெண்டு தடவையும் வழுக்கி விழுந்தேன்னு பொய் சொன்னேன்னும் எழுதிக் குடுத்திருக்காங்க. கிளம்பலாமா?"

சகாயம் வர்க்கிப் பாக்கெட்டை மகளிடம் நீட்டினான். அவள் கையை நீட்டவில்லை. அவன் அதை அடுப்பு மேடையில் வைத்தான். மாவு இன்னும் கழுவாமல் காய்ந்து கிடந்தது.

ஃபெபி மருதாம்பாள் வீட்டுக் கதவடியில் நின்றுகொள்ள, ஜீப் கிளம்பியது. லயமே வெளியே வந்து நின்றது. மண் சரிந்த இடத்தில் ஜீப் ஊர்ந்து போனபோது சகாயம் கேட்டான்.

"மேடம், ஆஸ்பத்திரி வழியாத்தான போறோம். ரெண்டு நிமிஷம் அவளப் பாத்துட்டு வரட்டுமா? பாஸான விஷயத்த மட்டும் சொல்லிட்டு வந்துர்றேன். அவளுக்குத் தெரியாது."

ஸ்ரீமதி யோசித்தாள். பிறகு போனை எடுத்தாள். ராத்திரி கூடப் போன மருதாம்பாள்தான் இன்னும் ஆஸ்பத்திரியில் எல்சா பக்கத்தில் இருந்தாள். "அவங்ககிட்டக் கேளுங்கம்மா. உங்க ஊட்டுக்காரர் பாக்கணும்கறாரு, வரட்டுமான்னு கேளுங்க." கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தாள். ஜன்னலில் மழைத் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. சகாயம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேச முடியாதாம். தாடையக் கட்டி வெச்சிருக்காங்களாம்" என்றாள் ஸ்ரீமதி.

"தலைய ஆட்டுனா போதுமே மேடம். ஆட்டுனாளா?"

"ஆட்டுனாங்களாம்."

"எப்படி?"

ஸ்ரீமதி தன் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினாள். ஆஸ்பத்திரி கேட் வந்தது. டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தான். அவள் போ என்று கையைக் காட்டினாள். ஜீப் நிற்காமல் போயிற்று.